தனியாக ஆட்டிய கடலை

குரும்பலூரில் வெள்ளைச்சாமியின் செக்குக்குக் கடலை கொண்டுபோகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடுதான் போகவேண்டும். மூட்டையை இறக்கியதும் எடை போட்டுவிட மாட்டான். வாய்த் தையலைப் பிரித்து, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, அடியில் கிடக்கிற காயில் ஒரு பிடி அள்ளுவான். காதோரம் வைத்துக் குலுக்குவான். ஓட்டுக்குள் பருப்பு கலகலவென்று உருண்டால்தான் மேற்கொண்டு பேச்சு. சத்தம் மந்தமாக வந்தால் மூட்டையைத் தூக்கி வந்தவன் தோளிலேயே ஏற்றிவிடுவான்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்யா" என்பார்கள்.

"பொண்ணு பாக்கப் போனா பஜ்ஜியாச்சும் கெடைக்கும். நல்லா காய வச்சுக் கொண்டா, போ."

அறுவடைக் காலத்தில் காடுகாடாகப் போய் நிற்பான். பிடுங்கிய செடியைக் குவித்து வைத்திருந்தால் கேட்காமலே பிரித்துப் போடுவான், காய் மேலே பார்க்கும்படி மல்லாத்தி. உடைக்கிற பெண்கள் ஓடு இளகட்டும் என்று காயில் தண்ணீர் தெளித்தால் செம்பைப் பிடுங்கி வீசுவான். மூட்டையைத் தரையில் போட்டு வைத்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டான். பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்கிய பிறகுதான் உட்காருவான். 'பூசணம் வெள்ளைச்சாமி' என்று பேர் வைத்தார்கள். அவன் காதுபடவே சொல்வார்கள். கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பேர் தனக்குப் பொருத்தம்தான் என்று அவனுக்கே தெரியும். எப்படிப் பொருத்தம் என்பது எழுபத்தெட்டாம் வருஷத்துக் கதை.

அந்த வருஷம் ஆடியில் விதைத்த கடலை நன்றாகத்தான் பூத்தது. காய் முற்றுகிற நேரத்தில் மழை ஒரேயடியாக நின்றுபோய் நிலம் வெடித்தது. பிடுங்குகிற நேரத்தில் பத்து நாள் விடாமல் ஊற்றியது. செடியோடு நனைந்த காயை அவரவர் பயத்தில் அவசரமாக ஆய்ந்து, ஈரத்தோடு மூட்டை கட்டி விற்றுவிட்டார்கள். அரியலூரில் ஒரு வியாபாரி அப்படி வந்ததையெல்லாம் ஒழுகுகிற குடோனில் போட்டுவைத்திருந்தான். மார்கழியில் பிரித்துப் பார்த்தால் பருப்பெல்லாம் பச்சைப் பொடி பூத்துக் கிடந்தது. பாதி விலைக்கும் கீழே தள்ளிவிட ஆள் தேடினான். வெள்ளைச்சாமி ஏழு மூட்டை வாங்கினான்.

அப்போது அவனுக்கு நாற்பது வயது. செக்கு மாட்டை அவிழ்த்துவிட்டு மோட்டார் வைத்துப் பெல்ட்டில் ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மோசக்காரன் இல்லை. நல்ல எண்ணெயில் கெட்ட எண்ணெயைக் கலந்து விற்றான் என்று அவனை ஒருத்தரும் சொன்னது கிடையாது. அந்த ஏழு மூட்டையையும் அவன் அந்த ரோஷத்தோடுதான் கையாண்டான். பச்சைப் பருப்பைச் சாக்கில் போட்டுத் தவிட்டோடு தேய்த்தான். பொடி உதிர்ந்ததும் பார்க்க ஓரளவு சுமாராக இருந்தது. இருந்தாலும் மற்றவர்கள் கடலையோடு சேர்க்கவில்லை. தனியாக ஆட்டி, அந்த எண்ணெயைச் சோப்புக் காய்ச்சுகிறவனுக்கு அனுப்பிவிட்டு, செக்கை உமி போட்டுத் துடைத்தபிறகுதான் ஊர்க்காரர் கடலையைக் கொட்டினான்.

எண்ணெய் போய்விட்டது. பிண்ணாக்கு மிஞ்சியது. மனிதன் தின்னாததை மாடு தின்னும் என்பதுதான் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பாடம். அவன் பிண்ணாக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை.

முதலில் தன் மாட்டுக்குத்தான் ஊறவைத்தான். அவன் சம்சாரம் செங்கமலம் தவிடு கலந்து தொட்டியில் ஊற்றினாள். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலமும் அப்படித்தான்.

"ஏங்க, மாடு வாயே வைக்க மாட்டேங்குது. கசக்குதுபோல" என்றாள்.

"வயிறு ரொம்பிக் கெடக்கும். கொழுப்பு."

"கொழுப்பெல்லாம் இல்ல. பழைய பிண்ணாக்கை வச்சேன், மொடக்மொடக்குன்னு குடிச்சிருச்சு."

அவன் அந்தப் பிண்ணாக்குச் சாக்குகளைச் செக்கு மேட்டுக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்டான். அவ்வளவுதான் செய்தான். தூக்கி எறிய மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் பாப்பாயி வந்தாள்.

பாப்பாயிக்குப் புருஷன் இல்லை. கூலி வேலையோடு வாரத்துக்கு மாடு வளர்த்தாள். வாரம் என்றால், மாடு இருக்கிறவன் கொடுப்பான், இல்லாதவள் வளர்ப்பாள், பால் வளர்க்கிறவளுக்கு, முதல் கன்று மாட்டுக்காரனுக்கு, இரண்டாவது கன்று வளர்த்தவளுக்கு. மாடு அதே ஊர்க் குழந்தைவேலுடையது. முதல் கன்றைக் குழந்தைவேல் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டாவது கன்று கிடாரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பாப்பாயிக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த உயிர் அதுதான். அதற்கு ஆறு மாதம்.

"அண்ணே, கன்னுக்குட்டி எலும்பும் தோலுமா நிக்கிது. தாய்க்கும் பால் சுண்டிப்போச்சு. செக்கைத் தொடைச்ச தூள், கீள் எதுனா இருந்தா குடுங்களேன்."

வெள்ளைச்சாமி செக்கு மேட்டுக்குப் பின்னால் பார்த்தான்.

"தூளு எதுக்கு. அந்தா கெடக்குது பாரு, நல்ல பிண்ணாக்கு. ஒரு சாக்கு எடுத்துக்க."

"அவ்ளோ காசு எங்கண்ணே இருக்கு?"

"காசை யாரு கேட்டா. எடுத்துட்டுப் போ."

பாப்பாயி சாக்கைத் தலையில் தூக்கியபோது கண் கலங்கியிருந்தாள். தானதர்மம் செய்த நிறைவோடு அவன் மோட்டாரைப் போட்டான். 'நல்ல பிண்ணாக்கு' என்ற சொல் தன் வாயில் எப்படி வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. பிற்பாடு யோசிக்க நிறைய நாள் கிடைத்தது.

நாலு நாள் கழித்துத் தெருவில் எதிர்ப்பட்டாள். "மொதல்ல ரெண்டும் திங்கலண்ணே. கொஞ்சம் வெல்லத்தைக் கரைச்சு ஊத்துனேன், இப்ப நக்கி நக்கிக் குடிக்குதுங்க" என்று சிரித்தாள்.

சொல்லியிருக்கலாம். 'என் மாடும் திங்கல பாப்பாயி, கொட்டிடு' என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று ஒரு கூச்சம். "ம், குடிக்கட்டும்" என்று போய்விட்டான்.

தை பிறந்தபோது கன்றுக்கு மயிர் சிலிர்த்து நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. தீனி குறைந்தது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பிண்ணாக்கைச் சேர்த்து ஊற்றினாள் பாப்பாயி. இருபது நாளில் அதற்குக் கண் தெரியவில்லை. வட்டம் வட்டமாகச் சுற்றியது. மாசி முதல் வாரம் கட்டின கயிற்றை அறுத்துக்கொண்டு போய், குழந்தைவேலின் சோளக் காட்டில் விழுந்து செத்துக் கிடந்தது. சோளம் அறுத்த கட்டையில் இளந்தளிர் விட்டிருந்த நேரம். அந்தத் தளிரைத் தின்றால் மாடு செத்துவிடும் என்று அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

குழந்தைவேல் வந்து பார்த்தான். தளிரைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான்.

"ஏ பாப்பாயி, கண்ணு எங்க இருந்துச்சு ஒனக்கு? சோளக்கட்டைல மேய விட்டுட்டு ஊர் நாயம் பேசப் போயிட்டியா?"

"மேய விடலைங்க. சத்தியமா மேய விடலை. அதுக்கு வாயே இல்லைங்க, ஒரு வாரமா எதையும் திங்கல."

"திங்காத மாடுதான் எங்காட்டுல வந்து படுத்துக்கிச்சாக்கும்."

தாய் மாட்டின் விலா எலும்பை எண்ணிப் பார்த்தான். "இதையும் கொல்றதுக்கு முந்தி ஓட்டிட்டுப் போறேன்" என்று கயிற்றை அவிழ்த்தான். அவள் மறிக்கவில்லை. கூட்டத்தில் வெள்ளைச்சாமியும் நின்றான். கன்றின் வாயைச் சுற்றி நுரை காய்ந்திருந்தது. தொட்டியின் அடியில் பழுப்பாகப் பிண்ணாக்கு வண்டல். அதை அவன்தான் பார்த்தான். வேறு யாரும் பார்க்கவில்லை.

அதன்பிறகு பாப்பாயிக்கு வாரத்துக்கு மாடு கொடுக்க ஊரில் ஆளில்லை. செட்டிகுளம் பக்கம் போய்க் கேட்டாள். பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

பத்து நாள் கழித்துக் குழந்தைவேல் செக்குக்கு வந்தான். இரண்டு பேரும் மாமன் மச்சான் முறை.

"மச்சான், அவ வயித்துல அடிச்சு வச்சிருக்கா மாட்டை. தேத்தணும். பாப்பாயிக்கு ஓசியா ஒரு சாக்கு பிண்ணாக்கு குடுத்தியாமே, அதுல எனக்கும் ரெண்டு போடு. நான் ஓசில கேக்கல."

சாக்கு பின்னால் இருக்கிறது. கொடுத்தால் மாடு சாகும். கொடுக்காமல் இருக்கக் காரணம் சொல்லவேண்டும்.

"தீந்து போச்சு மாமா" என்றான். "வேணும்னா இந்த ஆட்டத்துல வர்ற பிண்ணாக்கை எடுத்துக்க, புதுசு."

"அது என்ன, அவளுக்கு மட்டும் தனிச் சரக்கா?" என்று குழந்தைவேல் கண்ணடித்தான். நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளைச்சாமியும் சிரித்துவைத்தான்.

மறுநாள் ஒரு பிடி பிண்ணாக்கைத் துண்டில் முடிந்துகொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினான். மாட்டு ஆஸ்பத்திரியில் பாலசுந்தரம் என்று ஒரு டாக்டர். வாயில் வெற்றிலையோடு பிண்ணாக்கை உடைத்து மோந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"கடலை எப்படிய்யா இருந்துச்சு?"

"கொஞ்சம் பச்சை பூத்திருந்துச்சு சார்."

"கொஞ்சமா?"

"மொத்தமும் சார். ஆனா நல்ல கடலைல கலக்கல. தனியாத்தான் ஆட்டுனேன்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "தனியாவா? அந்தப் பச்சைப் பூசணம் ஒரு வெசத்தை உண்டாக்குதுய்யா. எண்ணெயைப் பிழிஞ்சா வெசம் எண்ணெயோட போகாது, முக்கால்வாசி பிண்ணாக்குல தங்கிரும். நீ கெட்டதாப் பாத்துச் சேத்துப் பிழிஞ்சு, சக்கையில வெசத்தை உருட்டி வச்சிருக்கே."

"தவுட்டுல தேச்சேன் சார். பொடியெல்லாம் போயிருச்சு."

"பொடி போகும். வெசம் பருப்புக்குள்ள எறங்கிருச்சுல்ல? தேச்சாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது. காட்டுலயே ஆரம்பிக்குது அது. காய் முத்துறப்ப காஞ்சா ஓட்டுல கீறல் விழும், பூச்சி ஓட்டை போடும், அது வழியா ஏறும். பிடுங்குனதும் ஈரத்தோட குவிச்சா பரவும். மூட்டைல கட்டி மூலைல போட்டா முடிஞ்சுது. எந்த எடத்துலயாவது நீங்க நல்லா காய வச்சிருந்தா பாதிக்குப் பாதி தப்பிச்சிருக்கும். மாடு எதுனா தின்னுச்சா?"

"ஒரு கன்னுக்குட்டி சார்."

"பல்லைக் கடிச்சுச்சா? கண்ணு தெரியாம வட்டம் போட்டுச்சா?"

"போட்டுச்சு சார். ஊர்ல சோளக்கட்டை தின்னுதான் செத்துச்சுங்கிறாங்க."

"சோளக்கட்டைன்னா ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல சாஞ்சிரும். இருபது நாள் தேயாது. கன்னுக்குட்டிக்கு ஈரல் தாங்காதுய்யா. தாய் தின்னா பால்லயும் எறங்கும். யாரு மாடு?"

"பக்கத்து ஊருல ஒரு பொம்பளைது சார்."

"அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லிரு. மிச்சத்தை ஆழமா குழி வெட்டிப் பொதைச்சிரு. கோழிகூடக் கிளறக் கூடாது."

"சொல்லிடுறேன் சார்."

புதைத்தான். ஆளுயரக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, மேலே கல்லை உருட்டி வைத்தான். டாக்டர் சொன்ன இரண்டில் சுலபமானதைச் செய்தான். மற்றதற்கு நாள் தள்ளினான். பங்குனி போயிற்று. சித்திரை போயிற்று. சொன்னால் செக்குக்கு யார் வருவார்கள் என்று ஒரு நாள். தெரியாமல் நடந்ததுதானே என்று ஒரு நாள். செத்த கன்று திரும்பியா வரப்போகிறது என்று இன்னொரு நாள். வாய்ச் சோறு சப்பென்று இருந்தது. டீக்கடையில் டம்ளரைக் கையில் எடுத்தால் பாப்பாயி வீடுவீடாக ஊற்றிய பால் நினைவுக்கு வரும். அதை யார் வீட்டுப் பிள்ளை குடித்ததோ என்று வைத்துவிடுவான்.

ஒரு நாள் செங்கமலத்திடம் ஒரு படி எண்ணெய் கொடுத்துப் பாப்பாயி வீட்டுக்கு அனுப்பினான். போனவள் திரும்பி வந்து சொன்னாள்: "அழுதுட்டா பாவம். 'இந்த ஊர்ல எனக்குன்னு இருக்குறது அண்ணன் ஒருத்தருதான்'னு சொல்லுறா."

அவன் சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவினான்.

"ஏங்க," என்றாள் செங்கமலம், மெதுவாக. "நம்ம மாடு குடிக்காத பிண்ணாக்கு, அதானே அவளுக்குக் குடுத்தீங்க?"

"ஆமா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

வைகாசியில் ஒரு காலை. பஸ் நிற்கிற இடத்தில் பாப்பாயி துணி மூட்டையும் அலுமினியக் குண்டானும் வைத்துக்கொண்டு நின்றாள். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக் கல் குவாரியில் அவள் தங்கச்சி கல் சுமக்கிறாள், அங்கே போகிறாள். டீக்கடை பெஞ்சில் குழந்தைவேலும் வெள்ளைச்சாமியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கல்லாவது சாகாம இருக்கட்டும்" என்றான் குழந்தைவேல், கடைக்காரனைப் பார்த்து.

பாப்பாயி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூரத்தில் புழுதி எழும்பியது, பஸ் வருகிறது. வெள்ளைச்சாமி கையிலிருந்த டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். டீ சிந்தியது.

"மாமா, அந்தக் கன்னுக்குட்டி சோளக்கட்டை தின்னு சாகல" என்றான். "நான் குடுத்த பிண்ணாக்கைத் தின்னு செத்துச்சு. பூசணம் பிடிச்ச கடலை. பெரம்பலூர் டாக்டர்கிட்டக் காட்டுனேன். ஒம் மாடு தேஞ்சதும் அதுலதான். பாப்பாயி மேல ஒரு குத்தமும் இல்ல."

குழந்தைவேல் தாடையைச் சொறிந்தான்.

"அட, தெரியாமத்தானே குடுத்தே. இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு. விடு மச்சான்."

"ஆமாம்ப்பா, வேணும்னேவா குடுத்தாரு? தர்மத்துக்குத்தானே குடுத்தாரு" என்றான் கடைக்காரன். இன்னொருத்தன் அவனுக்கு வேறு டீ போடச் சொன்னான்.

அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. மூன்று மாதமாக அவளை மன்னிக்காத ஊர் அவனை ஒரு டீ ஆறுவதற்குள் மன்னித்துவிட்டது. அந்த மன்னிப்பு அவனுக்கு உடம்பில் எச்சில் பட்டதுபோல இருந்தது.

பாப்பாயி மூட்டையைக் கீழே வைக்காமலே அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்க மாட்டுக்கும் அதைத்தான் வச்சீங்களாண்ணே?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியைத் தட்டினான். 'வச்சேன்' என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை. அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"வச்சேன்" என்றான். "மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. ரெண்டு வேளையும். அதுக்கப்புறந்தான் ஒனக்குத் தூக்கிக் குடுத்தேன். நீ வெல்லம் கரைச்சு ஊத்துனேன்னு சொன்னப்பவும் எனக்கு அது ஞாபகத்துல இருந்துச்சு. சொல்லல."

இப்போது யாரும் விடு என்று சொல்லவில்லை. குழந்தைவேல் தரையைப் பார்த்தான்.

"நான் அதுக்கு அன்னிக்கு எனக்குன்னு வச்சிருந்த வெல்லத்தைக் கரைச்சு ஊத்துனேன்" என்றாள் பாப்பாயி. குரல் உயரவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த வாரமே செக்குக்கு வருகிறவர்கள் பாதியானார்கள். வெள்ளைச்சாமி அதற்கு வருந்தினான் என்று சொல்ல முடியாது. ஆடி மாதம் தன் மாட்டைக் கன்றோடு அவிழ்த்தான். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாடுதான். குவாரி வரைக்கும் பஸ்ஸில் மாட்டை ஏற்றிப் போக முடியாது. இரண்டு பகல் நடத்தியே கூட்டிப்போனான். கல் தூசியில் வெளுத்த தலையோடு பாப்பாயி வந்து பார்த்தாள்.

"வாரத்துக்கா?"

"இல்ல. ஒனக்கே."

"பாவத்துக்கு மாடு குடுக்குறீங்களாக்கும்."

"ஆமா" என்றான்.

அவள் ரொம்ப நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு கயிற்றை வாங்கிக்கொண்டாள். புரட்டாசியில் ஊருக்குத் திரும்பி வந்தாள், மாட்டோடு. குழந்தைவேல் வாரத்துக்குக் கன்று ஒன்று ஓட்டிவந்தான். "கட்ட எடம் இல்லைங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

அதிலிருந்துதான் வெள்ளைச்சாமி மூட்டைக்குள் முழங்கை விடுகிறவனாக ஆனது. பச்சை பூத்த பருப்பு ஒரு கைப்பிடி வந்தாலும் குழிக்குத்தான் போகும், செக்குக்குப் போகாது. தனியாகவும் ஆட்ட மாட்டான், கலந்தும் ஆட்ட மாட்டான்.

மாதம் ஒரு தடவை பாப்பாயிக்குப் பிண்ணாக்கு அவனே சுமந்து போவான். அவள் காசை எண்ணி வைப்பாள். ஓசியில் வாங்குவதில்லை. அண்ணே என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள், 'செக்குக்காரரே' என்பாள். பிண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்து, தண்ணீரில் போட்டு, மாட்டின் முன்னால் வைப்பாள். வெல்லம் கலக்க மாட்டாள். மாடு குடித்துவிட்டது என்பதால் மட்டும் பிண்ணாக்கு சுத்தம் ஆகிவிடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கும் அதை அவன் சொன்னான். கேட்டுக்கொண்டாள். ஆனாலும் வைப்பாள். மாடு மோந்து பார்க்கும். அது தலையைக் குனிந்து வாய் வைக்கிறவரைக்கும் அவனும் தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நிற்பான். அவள் அவனைப் பார்க்க மாட்டாள். மாட்டின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.